நோட்டீஸில் உங்கள் பெயர் எந்த வரியில் இருக்கிறது?
'மேல்முறையீட்டாளர்' என்ற சொல்லும், நொய்யல் வழக்கு காட்டும் பாடமும்

வெள்ளகோவில் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கடிதம் எழுதியிருக்கிறார். இந்த முறை கேள்வி வெள்ளை ஈயைப் பற்றியோ, தென்னைக்கு எவ்வளவு பொட்டாஷ் வைப்பது என்றோ அல்ல. தோட்டத்துக்குப் போகும் வண்டிப்பாதையைப் பக்கத்துத் தோட்டக்காரர் அடைத்துவிட்டார் என்று இவர் வழக்குப் போட்டிருக்கிறார். ஏழு வருடம் நடந்து, இவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்துவிட்டது. நான்கு மாதம் கழித்து சார்பு நீதிமன்றத்திலிருந்து ஒரு நோட்டீஸ் வந்திருக்கிறது. அதில் பக்கத்துத் தோட்டக்காரர் பெயர் முதலில் இருக்கிறது. அதன்கீழ் 'மேல்முறையீட்டாளர் / பிரதிவாதி' என்று போட்டிருக்கிறது. இவர் பெயர் இரண்டாவது. அதன்கீழ் 'எதிர்மேல்முறையீட்டாளர் / வாதி'.

அவர் எழுதுகிறார்: "கேஸ் போட்டது நான். ஜெயித்ததும் நான். இப்போது என்னை எதிரி ஆக்கி வைத்திருக்கிறார்கள். நான் எதற்குப் போக வேண்டும்? அவன் போட்ட அப்பீலை அவனே நடத்திக்கொள்ளட்டும் என்று இருந்துவிடலாமா?"

இருந்துவிடக் கூடாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. வேளாண்மை அலுவலருக்குக் கோர்ட் விவகாரத்தில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். இந்தப் பக்கத்தில் மண் பரிசோதனைக்கு வருகிற பத்துப் பேரில் இரண்டு பேர் கையிலாவது கோர்ட் காகிதம் ஒன்று இருக்கும். வரப்புத் தகராறு, கிணற்றுப் பங்கு, பாகப்பிரிவினை, சாயத்தண்ணீர் என்று ஏதாவது ஒன்று. மண் முடிவை வாங்கிக்கொண்டு, "அப்படியே இதையும் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க சார்" என்பார்கள். சட்ட விஷயம் என்பதால் வழக்கறிஞர் நண்பர் ஒருவரிடம் படித்துக் காட்டிய பிறகே அச்சுக்குக் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் இது உங்கள் வழக்கறிஞர் சொல்லும் யோசனைக்கு மாற்று அல்ல.

பெயர் மாறுவது ஏன்?

முதலில் வழக்குப் போடுகிறவர் வாதி. யார்மீது போடப்படுகிறதோ அவர் பிரதிவாதி. மனுவாகப் போட்டால் மனுதாரர், எதிர்மனுதாரர். இவ்வளவும் நம் கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும்.

தீர்ப்பு வந்த பிறகு, அந்தத் தீர்ப்பு தவறு என்று மேலே உள்ள நீதிமன்றத்துக்குப் போகிறவர் எவரோ அவர்தான் மேல்முறையீட்டாளர். பழைய ஆட்கள் அப்பீல்தாரர் என்பார்கள். வக்கீல் ஆபீசில் 'அப்பீலண்ட்' என்பது காதில் விழும். அவர் கீழே வாதியாக இருந்தாரா, பிரதிவாதியாக இருந்தாரா என்பது இங்கே கணக்கில்லை. தீர்ப்பால் பாதிக்கப்பட்டு, மேலே கதவைத் தட்டியது யார் என்பது மட்டும்தான் கணக்கு. அவருக்கு எதிரே நின்று, தீர்ப்பு சரிதான் என்று காப்பாற்ற வேண்டியவர் எதிர்மேல்முறையீட்டாளர். ஆங்கிலத்தில் 'ரெஸ்பாண்டண்ட்', அதாவது பதில் சொல்கிறவர். உள்ளபடி பார்த்தால் ஆங்கிலச் சொல்லே விஷயத்தைத் தெளிவாகச் சொல்கிறது. நம் சொல்லில் 'எதிர்' என்று வந்துவிட்டதால், கிரிமினல் கேசில் குற்றம் சாட்டப்பட்டவரை 'எதிரி' என்று எழுதும் வழக்கமும் நினைவுக்கு வந்து, வயசானவர்கள் பயந்து போகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை. உங்கள்மீது குற்றம் ஒன்றும் சுமத்தவில்லை. கீழே வாங்கிய தீர்ப்பை மேலே வந்து நிலைநிறுத்து என்று கூப்பிட்டிருக்கிறார்கள்.

சரியாகப் பார்த்தால் அந்த நோட்டீஸிலேயே விஷயம் இருக்கிறது. பெயருக்குக் கீழே சாய்கோடு போட்டு இரண்டு பட்டம் கொடுத்திருப்பார்கள். முதல் பட்டம் இந்த நீதிமன்றத்தில் நீங்கள் யார் என்பது. இரண்டாவது, கீழ் நீதிமன்றத்தில் யாராக இருந்தீர்கள் என்பது. வாசகருடைய நோட்டீஸில் 'எதிர்மேல்முறையீட்டாளர் / வாதி' என்று இருப்பதன் அர்த்தம், வழக்குப் போட்ட நீங்கள் இப்போது பதில் சொல்லும் இடத்தில் இருக்கிறீர்கள் என்பதுதான்.

இன்னொன்று. பாகப்பிரிவினை வழக்குகளில் தங்கை ஒருத்தி தன் பெயரை 'மூன்றாம் எதிர்மேல்முறையீட்டாளர்' என்று பார்த்துவிட்டு, அண்ணன் என்மேல் கேஸ் போட்டுவிட்டான் என்று அழுதுகொண்டு வருவதைப் பார்த்திருக்கிறேன். அப்பீலில் சேர்ந்து கையெழுத்துப் போடாத பங்காளிகளை எதிர்வரிசையில் சேர்ப்பது நடைமுறை. வழக்கில் இருந்த ஒருவரை விட்டுவிட்டு அப்பீல் நடத்தினால் பின்னால் அதுவே குறையாகும் என்பதற்காகச் செய்வது. உள்ளே மனுவைப் படித்தால்தான் உங்களிடம் என்ன கேட்கிறார்கள், ஒன்றும் கேட்கவில்லையா என்பது தெரியும். முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு உறவை முறித்துக்கொள்ள வேண்டாம்.

நொய்யல் வழக்கில் யார் மேல்முறையீட்டாளர்?

இதைப் புரிந்துகொள்ள வெளியூர் உதாரணம் வேண்டியதில்லை. நம் ஆற்றைவிடப் பெரிய உதாரணம் கிடையாது.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊரிலேயே காவிரியில் கலக்கிறது நொய்யல். திருப்பூரில் பனியன் தொழில் வளர வளர, சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் எழுநூறுக்கு மேல் பெருகின. பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு போட வேண்டும். சாயம் துணியில் பிடித்துக்கொள்ளும். போட்ட உப்பு முழுக்கத் தண்ணீரோடு போய்விடும். இந்த உப்புதான் நமக்கு எமன். நிறத்தைச் சுண்ணாம்பு போட்டு எடுத்துவிடலாம், ஆனால் கரைந்த உப்பு அதற்கெல்லாம் மசியாது. சென்னிமலை அருகே ஒரத்துப்பாளையத்தில் கட்டிய அணை, ஈரோடு, கரூர் விவசாயிகளின் பாசனத்துக்காகக் கட்டியது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்த அந்த அணை, சில வருடங்களிலேயே சாயத்தண்ணீர் தேங்கும் தொட்டியாகிவிட்டது. திறந்துவிட்டால் கீழே உள்ள வயல் கெடும், திறக்காமல் வைத்தால் சுற்றியுள்ள கிணறு கெடும் என்ற நிலை.

1996-இல் கரூர் வட்ட நொய்யல் கால்வாய் விவசாயிகள் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 1998 பிப்ரவரியில் உத்தரவு வந்தது; பொது சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. ஆனால் அவை நிறத்தைக் குறைத்தன, உப்பை எடுக்கவில்லை. பிறகு 2003-இல் நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் மறுபடியும் ரிட் மனு போட்டது. இங்கே விவசாயிகள் மனுதாரர். அரசு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், சாயப்பட்டறைக்காரர்கள் எல்லாம் எதிர்மனுதாரர்கள்.

2006 டிசம்பர் 22 அன்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கழிவுநீர் துளியும் வெளியே வராத முறைக்கு மாற வேண்டும்; அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை ஏறுகிற அபராதம் கட்ட வேண்டும்; அணையைச் சுத்தம் செய்யும் செலவையும் பட்டறைக்காரர்களே ஏற்க வேண்டும். லிட்டருக்கு ஆறு பைசா என்றால் கேட்க அற்பமாக இருக்கும். நாளொன்றுக்குக் கோடிக்கணக்கான லிட்டர் போகிற ஊரில் பெருக்கிப் பாருங்கள், தொகை தெரியும்.

தீர்ப்பு விவசாயிகள் பக்கம். ஆகவே பாதிக்கப்பட்டவர்கள் என்ற நிலை இப்போது பட்டறைக்காரர்களுக்கு. அவர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். அங்கே வழக்கின் பெயர் என்ன ஆயிற்று தெரியுமா? 'திருப்பூர் சாயப்பட்டறை உரிமையாளர்கள் சங்கம் எதிர் நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம்'. விஷயம் தெரியாத ஒருவர் இந்தத் தலைப்பை மட்டும் படித்தால், விவசாயிகள்தான் ஏதோ தவறு செய்துவிட்டார்கள், பட்டறைக்காரர்கள் நியாயம் கேட்டுப் போயிருக்கிறார்கள் என்றே நினைப்பார். ஆறு கெட்டது என்று முதலில் கத்தியவர்கள் இரண்டாவது வரிக்குப் போனார்கள். அவ்வளவுதான் நடந்தது. உரிமையில் ஒரு நூல்கூடக் குறையவில்லை.

உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீட்டாளர்கள் சொன்னதும் வெறும் சாக்குப்போக்கு அல்ல. எத்தனையோ குடும்பத்துக்குச் சோறு போடும் தொழில், அந்நியச் செலாவணி கொண்டுவரும் தொழில், உப்பை எடுக்கும் தொழில்நுட்பம் கையில் வருவதற்கே காலம் பிடிக்கிறது என்றெல்லாம் எடுத்துவைத்தார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளே காலையில் பனியன் கம்பெனி பஸ் ஏறிப் போகிறவர்கள்தான். அதனால் அந்த வாதத்தை நாம் எடுத்தவுடன் தள்ளிவிட முடியாது. எதிர்மேல்முறையீட்டாளர்களான விவசாயிகள் தங்கள் பக்கத்தைச் சொன்னார்கள். 2009 அக்டோபர் 6 அன்று தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன், நீதிபதிகள் பி. சதாசிவம், பி.எஸ். சௌஹான் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. தொழிலின் முக்கியத்துவத்தை நீதிமன்றம் மறுக்கவில்லை. ஆனால் மாசு செய்தவர்தான் அதற்குப் பணம் கட்ட வேண்டும், பாதிக்கப்பட்டவருக்கு ஈடு கொடுப்பதோடு கெட்ட சூழலைச் சரிசெய்யும் செலவும் அவருடையதே என்ற கொள்கையை இங்கேயும் வைத்தது. 1996-இல் வேலூர் தோல் ஆலைகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்திய கொள்கை இது. உயர் நீதிமன்ற உத்தரவை மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும் என்று கெடுவைத்து மேல்முறையீட்டை முடித்துவைத்தது.

கெடு முடிந்தது. தண்ணீர் தொடர்ந்து வந்தது. விவசாயிகள் மறுபடி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள், இந்தமுறை நீதிமன்ற அவமதிப்பு மனுவோடு. மீண்டும் அவர்கள் மனுதாரர்! 2011 ஜனவரி 28 அன்று பட்டறைகளை மூடி மின் இணைப்பைத் துண்டிக்க உத்தரவானது. திருப்பூர் அன்றைக்கு எப்படி ஸ்தம்பித்தது என்பதை இந்தப் பகுதி வாசகர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. பிறகுதான் கழிவுநீரை வெளியே விடாத சுத்திகரிப்பு முறைக்கு, அரசின் வட்டியில்லாக் கடன் உதவியோடு, படிப்படியாக மாறினார்கள்.

ஒரே தரப்பு விவசாயிகள். 2003-இல் மனுதாரர். உச்ச நீதிமன்றத்தில் எதிர்மேல்முறையீட்டாளர். அவமதிப்பு வழக்கில் மறுபடி மனுதாரர். "ஜெயித்துவிட்டோமே, டில்லிக்கு எதற்குப் போக வேண்டும்" என்று ஊரில் உட்கார்ந்திருந்தால், அங்கே ஒரு தரப்பு வாதம் மட்டும்தான் காதில் விழுந்திருக்கும்.

இழப்பீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. சூழல் இழப்பைக் கணக்கிட்ட ஆணையம் 68 கிராமங்களில் 28,596 விவசாயிகளுக்கு ஏறத்தாழ 24.79 கோடி ரூபாய் என்று நிர்ணயித்தது. வகுத்துப் பார்த்தால் சராசரியாக ஆளுக்கு ஒன்பதாயிரம் ரூபாய்கூட வராது. கெட்டுப்போன ஒரு கிணற்றுக்கு அது போதுமா என்று என்னைக் கேட்டால், போதாது. ஆனால் பட்டியலில் பெயர் இருந்தவருக்கு அதாவது கிடைக்க வழி இருந்தது.

ஜெயித்தவர் கவனிக்க வேண்டியது

வெள்ளகோவில் அன்பருக்கு வருவோம். நோட்டீஸில் ஆஜராக வேண்டிய தேதி இருக்கும். அன்று நீங்களோ உங்கள் வழக்கறிஞரோ போகாவிட்டால், நீங்கள் இல்லாமலே அப்பீலை விசாரிக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு மாறினால், நோட்டீஸ் சரியாக வந்து சேரவில்லை அல்லது வர முடியாததற்குத் தக்க காரணம் இருந்தது என்று காட்டி மறுவிசாரணை கேட்கலாம். நோட்டீஸில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, "நான்தான் ஜெயித்தேனே" என்று இருந்ததைத் தக்க காரணமாக எந்த நீதிபதியும் ஏற்கமாட்டார். கீழே நடத்திய வழக்கறிஞரே பார்த்துக்கொள்வார் என்றும் விட்டுவிட வேண்டாம். மேல்முறையீட்டுக்குத் தனியாக வக்காலத்து கொடுக்க வேண்டும். அவரையே வைப்பதானாலும் நேரில் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள்.

இன்னொரு பயம் அவர் கடிதத்தில் இருக்கிறது. அப்பீல் போட்டுவிட்டதால் பாதையை மறுபடி அடைத்துவிடலாம் என்று பக்கத்துத் தோட்டக்காரர் சொல்லிக்கொண்டு திரிகிறாராம். அப்படி இல்லை. அப்பீல் தாக்கல் ஆன மாத்திரத்தில் கீழ்க்கோர்ட் தீர்ப்பு நின்றுபோவதில்லை. மேல் நீதிமன்றம் தனியாக இடைக்காலத் தடை கொடுத்தால்தான் நிற்கும். தடை இல்லாதவரை தீர்ப்பு உயிரோடு இருக்கிறது. வேண்டுமானால் நிறைவேற்று மனுவும் போடலாம். 'தடை வாங்கியிருக்கிறேன்' என்று யார் சொன்னாலும், உத்தரவின் நகலைக் காட்டச் சொல்லுங்கள்.

இனிமேல் தீர்ப்பு வரப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எதிர்த்தரப்பு அப்பீல் போகும் என்று தெரிந்தால், தீர்ப்பு வந்த கையோடு மேல் நீதிமன்றத்தில் கேவியட் மனு போட்டு வைக்கலாம். உங்களைக் கேட்காமல் இடைக்கால உத்தரவு போடக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவைப்பதுதான் கேவியட். 90 நாளுக்குச் செல்லும். அதற்குமேல் தேவைப்பட்டால் புதிதாகப் போட வேண்டும். செலவு பெரிதாக இல்லை. நம் ஆட்கள் இதைச் செய்வது குறைவு.

தீர்ப்பில் பாதி சாதகம், பாதி பாதகம் என்று வருவதும் உண்டு. பாதை உண்டு என்று சொல்லிவிட்டு, நஷ்டஈடு கிடையாது என்று தள்ளியிருப்பார்கள். நீங்கள் அப்பீல் போகாமல் விட்டிருப்பீர்கள், எதிர்த்தரப்பு போய்விடும். அப்போதும் உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள், உங்களுக்குக் கிடைக்காமல் போன பகுதிக்காகக் குறுக்கு ஆட்சேபணை தாக்கல் செய்யலாம். நோட்டீஸை அரிசிப் பானைக்குப் பின்னால் சொருகி வைத்தவருக்கு இந்த ஒரு மாதம் போனது போனதுதான்.

தோற்றவருக்கு நாள்தான் முக்கியம்

மேல்முறையீட்டாளராக வேண்டியவர் பார்க்க வேண்டியது காலண்டரை. உரிமையியல் வழக்கில், முன்சீப் கோர்ட் என்று நாம் சொல்லும் மாவட்ட உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பின்மீது சார்பு நீதிமன்றத்துக்கோ, மாவட்ட நீதிமன்றத்துக்கோ போக 30 நாள். உயர் நீதிமன்றத்துக்குப் போக 90 நாள். தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு மனுப்போட்டுக் காத்திருந்த நாட்களைக் கழித்துக்கொள்ளலாம். அதனால்தான் தீர்ப்பு வந்த அன்றைக்கே நகல் மனுப் போடச் சொல்வார்கள். காலம் தவறினால் தாமதத்தை மன்னிக்கக் கேட்டு மனுப் போடலாம். ஆனால் அது உரிமை இல்லை, நீதிமன்றம் காட்டும் சலுகை. ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் காரணம் சொல்லித் தீர வேண்டும். மஞ்சள் வெட்டு, பட்டறைக்குப் போட்டது, சந்தைக்குப் போனது என்று சொன்னால் எடுபடாது.

முதல் மேல்முறையீட்டில் நடந்த விவரம், சாட்சியம், சட்டம் எல்லாவற்றையும் மறுபடி அலசுவார்கள். அதற்கும் மேலே உயர் நீதிமன்றத்தில் இரண்டாவது மேல்முறையீடு என்றால், முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால்தான் எடுப்பார்கள். வரப்பு அரையடி இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்ற விவரச் சண்டையை அங்கே புதிதாகத் தொடங்க முடியாது. திருப்பூர் மாவட்டத்துக்காரர்கள் உயர் நீதிமன்றத்துக்குச் சென்னை போக வேண்டும். கரூர் மாவட்டமோ மதுரைக் கிளையின் எல்லைக்குள். ஒரே நொய்யல்தான், மேல்மடைக்காரருக்கு ஒரு ஊர், கடைமடைக்காரருக்கு வேறு ஊர். இது பரவாயில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் மதராஸ் ஹைகோர்ட்டுக்கு மேலே அப்பீல் போக வேண்டுமானால் லண்டனில் இருந்த பிரிவி கவுன்சிலுக்குத்தான் போக வேண்டும். 1949-இல்தான் அது ஒழிந்தது.

'அவர் சொன்னா அப்பீலே கிடையாது' என்று பேச்சுவாக்கில் சொல்வோம். நிஜமாகவே அப்பீல் கிடையாத இடம் ஒன்று உண்டு. மக்கள் நீதிமன்றம் என்கிற லோக் அதாலத்தில் சமரசமாகக் கையெழுத்துப் போட்டு முடித்துக்கொண்டால், அதன்மீது மேல்முறையீடு இல்லை. சாதாரண நீதிமன்றத்தில் இருதரப்பும் ஒத்துக்கொண்டு வாங்கிய தீர்ப்புக்கும் அப்படியே. ராஜியாகப் போவது நல்லதுதான், செலவும் மிச்சம். ஆனால் கையெழுத்துப் போடுமுன் ஒவ்வொரு வரியையும், சர்வே எண் உட்பட, படிக்கச் சொல்லிக் கேளுங்கள். நாளைக்கு மேல்முறையீட்டாளர் ஆகும் வாய்ப்பை அந்தக் கையெழுத்தோடு கொடுத்துவிடுகிறீர்கள்.

ஆதாரம் கீழேயே சேர வேண்டும்

இது என் துறை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். அப்பீலில் பார்த்துக்கொள்ளலாம் என்று கீழ் நீதிமன்றத்தில் ஆதாரம் காட்டாமல் விடுகிறார்கள். மேல் நீதிமன்றத்தில் புதுச் சாட்சியம் சேர்ப்பதற்குச் சட்டம் குறுகலான வழிதான் விட்டிருக்கிறது. கீழே கேட்டும் எடுத்துக்கொள்ளாமல் விட்டது, எவ்வளவு முயன்றும் அப்போது கைக்குக் கிடைக்காதது, நீதிமன்றமே தேவை என்று கருதுவது ஆகியவை மாத்திரம் சேரும். உங்கள் சோம்பலால் விட்டது சேராது.

தண்ணீர் கெட்டது, பயிர் கெட்டது என்று சொல்வதானால் எண் வேண்டும். பாசன நீரின் மின்கடத்து திறன் 0.7-க்குள் இருந்தால் எந்தப் பயிருக்கும் பாதிப்பில்லை. 3-ஐத் தாண்டினால் பெரும்பாலான பயிருக்கு ஆகாது. இடையில் உள்ளது பயிரையும் மண்ணையும் பொறுத்தது. பருத்தி தாங்கும், அவரைக்குக் கஷ்டம். 2018-இல் 1.2, இப்போது 3.6 என்று ஒரே கிணற்றுக்கு இரண்டு அறிக்கை இருந்தால் அது பேசும். 'முன்னே இளநீர் மாதிரி இருந்துச்சுங்க' என்று கூண்டில் நின்று சொன்னால், எதிர்த்தரப்பு வக்கீல் சிரிப்பார். வருடத்துக்கு ஒருமுறை, கோடையில், கிணற்று நீரையும் மண்ணையும் பரிசோதித்து அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள். வழக்கு எதுவும் இல்லாவிட்டாலும் உரச் செலவைக் குறைக்க அது உதவும்.

அடங்கலும் அப்படித்தான். ஒவ்வொரு பசலியிலும் கிராம நிர்வாக அலுவலரிடம் உங்கள் பயிர் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். தோட்டத்தில் மஞ்சள் நிற்கும், அடங்கலில் தரிசு என்று இருக்கும். நஷ்டஈட்டு வழக்கில் அந்த ஒரு சொல் மொத்தத்தையும் கவிழ்த்துவிடும்.

வாசகர் கேள்விகள்

எங்கள் அப்பா போட்ட மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது அவர் காலமாகிவிட்டார். வழக்கு தானாக எங்கள் பெயருக்கு வந்துவிடுமா? (குண்டடம் வாசகி)

தானாக வராது. இறந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் வாரிசுகளைச் சேர்க்க மனுப் போட வேண்டும். இல்லாவிட்டால் மேல்முறையீடு அற்றுப்போகும். கெடு தாண்டியிருந்தாலும் உடனே வழக்கறிஞரைப் பாருங்கள். அற்றுப்போனதை நீக்கக் கேட்க மேலும் 60 நாள் உண்டு, அதற்கும் தாமதமானால் காரணம் சொல்லிக் கேட்கலாம். எதிர்த்தரப்பில் ஒருவர் இறந்தாலும் அவருடைய வாரிசுகளைச் சேர்க்கும் பொறுப்பு மேல்முறையீட்டாளராகிய உங்களுடையதே. பக்கத்துத் தோட்டத்தில் இழவு விழுந்தால் துக்கம் கேட்கப் போகிறோம். தேதியையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டா மாறுதலில் தாசில்தார் எனக்கு எதிராக உத்தரவு போட்டுவிட்டார். இதற்கும் கோர்ட்தானா? (மூலனூர் வாசகர்)

முதலில் கோர்ட் வேண்டாம். வருவாய்த் துறைக்குள்ளேயே மேல்முறையீடு இருக்கிறது. கோட்டாட்சியரிடம் போடுங்கள். அங்கேயும் நீங்கள் மேல்முறையீட்டாளர்தான். அதற்கு மேல் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு. உத்தரவில் சொன்ன காலக்கெடுவைக் கவனியுங்கள். உத்தரவு கையில் கிடைத்த தேதியை அதன்மீதே எழுதிக் கையெழுத்துப் போட்டு வையுங்கள். ஆனால் நிலம் யாருக்குச் சொந்தம் என்பதே சண்டை என்றால், அதை முடிவு செய்வது உரிமையியல் நீதிமன்றம்தான். பட்டா மட்டும் உரிமையைத் தந்துவிடாது.

அப்பீல் நடத்தக் கையில் பணமில்லை. என்ன செய்வது? (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

பெண்கள், தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினர், மாற்றுத்திறனாளிகள், வருமானம் குறைந்தவர்கள் ஆகியோருக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. பெண் என்பதால் உங்களுக்கு வருமான வரம்பு பார்க்கமாட்டார்கள். நீதிமன்ற வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு, மாவட்டத்துக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கின்றன. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். மேல்முறையீட்டுக்கும் இந்த உதவி உண்டு, முதல் வழக்குக்கு மட்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தீர்ப்பு நகல், ஆதார், கைவசம் உள்ள காகிதம் அத்தனையையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

கிணற்று நீரை வழக்குக்காகப் பரிசோதிக்க எப்படி எடுக்க வேண்டும்? (சென்னிமலை வாசகர்)

மோட்டாரைக் கால்மணி நேரமாவது ஓடவிட்டுப் பிறகு பிடியுங்கள். ஒரு லிட்டர் சுத்தமான பிளாஸ்டிக் பாட்டில் போதும். குளிர்பானப் பாட்டிலானால் நன்றாகக் கழுவி, அதே கிணற்று நீரால் மூன்றுமுறை அலசிவிட்டுத் தளும்ப நிரப்பி மூடுங்கள். பெயர், ஊர், சர்வே எண், கிணற்றின் ஆழம், எடுத்த தேதி, நேரம் எழுதி ஒட்டி, மறுநாளைக்குள் மண் பரிசோதனை நிலையத்தில் சேருங்கள். நீங்களே எடுத்த நீர் என்றால் எதிர்த்தரப்பு ஒத்துக்கொள்ளாது என்பதால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து அவர்கள் வந்து மாதிரி எடுக்கும்படி கேளுங்கள். அவர்கள் எடுக்கும் அன்று பக்கத்தில் நின்று, எந்தக் கிணற்றில் எடுத்தார்கள் என்பதைக் குறித்து நகலும் வாங்கிக்கொள்ளுங்கள்.